சிரித்தால் ஈறு தெரிகிறதா? வெட்டுவதற்கு முன் எலும்பை அளக்கச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரிகிறது. பற்கள் சின்னதாக, சதுரமாக இருக்கின்றன. முன்பல்லை ஸ்கேல் வைத்து அளந்தேன்: உயரம் 8 மி.மீ., அகலம் 8.5 மி.மீ. ஈறு கறுப்பாகவும் இருக்கிறது. போட்டோ எடுக்கிறார்கள் என்றாலே வாயை மூடிக்கொள்வேன். தை மாதம் கல்யாணம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில், "லேசரில் அரை மணி நேரத்தில் ஈறைக் குறைத்துக் கறுப்பையும் எடுத்துவிடலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "எலும்பைச் சீவி, தையல் போட வேண்டும்" என்றார்கள். கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. அம்மாவோ கறுப்புக்கு உப்பும் எலுமிச்சையும் தேய்த்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லேசரோடு முடிந்துவிடும் வாய்களும் உண்டு, எலும்பைத் தொடாமல் சரியாகாத வாய்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை ஒரே ஓர் அளவு சொல்லிவிடும்: ஈறின் ஓரத்திலிருந்து அதற்கடியில் உள்ள தாடை எலும்பு வரை எத்தனை மில்லிமீட்டர்? அதை யாரும் அளந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளக்காமல் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே அவசரப்பட்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஸ்கேலை எடுத்தது நல்ல வேலை. மேல் நடுப்பல் சராசரியாக 10 முதல் 11 மி.மீ. உயரமும், 8 முதல் 8.5 மி.மீ. அகலமும் இருக்கும். அகலம் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்குப் பல் நீளவாட்டில் அழகாகத் தெரியும். உங்கள் பல்லின் அகலம் சரியாகவே இருக்கிறது, உயரத்தில்தான் 2 மி.மீ.க்கு மேல் காணவில்லை. காணாமல் போனது மேலே ஈறுக்குள் மறைந்திருக்க வேண்டும், அல்லது கீழே கடிக்கும் ஓரத்தில் தேய்ந்து போயிருக்க வேண்டும்.

எது என்று கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் முன்பல்லின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். தட்டையாக, நடுவில் மஞ்சள் கோடு ஓடினால் பல்லின் வெள்ளை மேலுறையான எனாமல் தேய்ந்து உள்ளே உள்ள டென்டின் தெரிகிறது என்று பொருள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இப்படி ஆகும். அப்போது ஈறை வெட்டுவது பாதி வைத்தியம்கூட இல்லை. தேய்ந்த ஓரத்தை நீட்டுவதும், இரவில் கடிப்பதற்குத் தடுப்புத் தட்டு போடுவதும்தான் முதல் வேலை. ஓரம் மெல்லியதாக, லேசாக ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் பல் முழுசாகத்தான் இருக்கிறது, ஈறு அதை மூடியிருக்கிறது. முன்பல் முளைத்த பிறகு ஈறு மெதுவாக மேலே ஏறி, எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். பதின்ம வயது முடிகிற வரை இது நடந்துகொண்டிருக்கும். சிலருக்கு இந்த ஏற்றம் பாதி வழியில் நின்றுவிடும். 27 வயதில் தானாக இனி ஏறாது. இது நோய் இல்லை, பல் விழப்போவதும் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் ஒரு நஷ்டமும் கிடையாது.

ஆனால் ஈறு தெரிவதற்குப் பல் மட்டும் காரணமாக இருக்காது. உதடும் மேல் தாடையும் சேர்ந்து செய்கிற வேலை அது. மூன்று அளவுகளை வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். வாயைத் தளர்த்தி, உதடுகள் லேசாகப் பிரிந்திருக்கும்போது மேல் முன்பல் எவ்வளவு தெரிகிறது? உங்கள் வயதுப் பெண்களுக்கு 3 முதல் 4 மி.மீ. தெரிவது இயல்பு. மூக்கின் அடியிலிருந்து மேல் உதட்டின் கீழ் ஓரம் வரை எவ்வளவு? பெண்களுக்கு ஏறக்குறைய 20 முதல் 22 மி.மீ. வாய் விட்டுச் சிரிக்கும்போது உதடு அந்தத் தளர்ந்த நிலையிலிருந்து எவ்வளவு மேலே போகிறது? 6 முதல் 8 மி.மீ. வரை போனால் சாதாரணம்.

சும்மா இருக்கும்போதே பல் நிறையத் தெரிந்து, உதட்டின் நீளமும் சரியாக இருந்தால் மேல் தாடை எலும்பே கீழ்நோக்கி நீளமாக வளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு உதட்டை மூடுவதே சிரமமாக இருக்கும், மூடும்போது மோவாய் சுருங்கும். அதற்குக் கிளிப்போடு சேர்ந்த தாடை அறுவை சிகிச்சைதான் முழுத் தீர்வு, அது ஐந்து மாதத்தில் நடக்கிற காரியமில்லை. ஓய்வில் எல்லாம் இயல்பாக இருந்து, சிரிக்கும்போது மட்டும் உதடு 10 மி.மீ. தாவினால் உதட்டைத் தூக்கும் தசை அதிகம் வேலை செய்கிறது. பலருக்கு இரண்டு மூன்று காரணங்கள் கலந்தே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கிடைக்கப்போகும் பலனை முன்கூட்டியே கணக்குப் போடத்தான். சிரிக்கும்போது 3 மி.மீ.க்கு மேல் ஈறு தெரிந்தால்தான் பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். உங்களுக்கு 5 மி.மீ. தெரிகிறது, பல்லை 2.5 மி.மீ. வெளிக்கொண்டு வர முடியும் என்றால், மீதி 2.5 மி.மீ. அழகான சிரிப்பு. 8 மி.மீ. தெரிகிறவருக்கு அதே சிகிச்சை செய்தாலும் 5.5 மி.மீ. பாக்கி நிற்கும், பல் வடிவம் நன்றாகும், ஆனால் சிரிப்பு முழுசாக மாறியிருக்காது. "செய்தும் பிரயோஜனமில்லை" என்கிற ஏமாற்றம் பெரும்பாலும் இந்தக் கழித்தலை யாரும் போட்டுக் காட்டாததால் வருவது.

இனி அந்த முக்கியமான அளவு. பல் டாக்டர் முதலில் ப்ரோப் எனும், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு இடுக்கில் விட்டு எனாமல் முடியும் கோட்டைத் தேடுவார். இயல்பாக இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. உள்ளேயே அந்த மேடு தட்டுப்படும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, அதே ப்ரோபை எலும்பில் முட்டும் வரை அழுத்தி அளப்பார். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் வலி தெரியாது, ஒரு பல்லுக்குச் சில நொடிதான். இதோடு, உதட்டை விலக்கி வைத்து எடுக்கும் சிபிசிடி (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) ஸ்கேனும் உதவும். உதட்டை விலக்காமல் எடுத்தால் உதடும் ஈறும் ஒன்றாக ஒட்டித் தெரியும், ஈறின் கனத்தைப் பார்க்க முடியாது. ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது இதைச் சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

எலும்புக்கு மேலே ஈறு ஒட்டிக்கொண்டிருக்க உடம்புக்குச் சுமார் 2 மி.மீ. இடம் வேண்டும். அதற்கு மேல் ஒட்டாத இடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. ஆக, ஈறு ஓரத்திலிருந்து எலும்புக்கு 3 மி.மீ. என்பது முன்பற்களின் நடுப்பகுதியில் உடம்பு விட்டுக்கொடுக்காத கணக்கு. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 2 மி.மீ. ஈறைக் குறைக்க வேண்டும். முதலாமவருக்கு ஈறு ஓரத்திலிருந்து எனாமல் கோடு 3 மி.மீ., அங்கிருந்து எலும்பு 2 மி.மீ., மொத்தம் 5. இரண்டு எடுத்தால் மூன்று மீதி. இவருக்கு லேசரோ பிளேடோ போதும், தையல்கூடத் தேவைப்படாது. இரண்டாமவருக்கு எனாமல் கோடு 2.5 மி.மீ. உள்ளே, எலும்போ அதிலிருந்து வெறும் அரை மி.மீ. தள்ளி. மொத்தம் 3. இரண்டு எடுத்தால் ஒன்றுதான் மீதி. உடம்பு தன் 3 மி.மீ.யை மீட்டுக்கொள்ளாமல் விடாது. சில மாதங்களில் ஈறு மறுபடி கீழே இறங்கி பழைய இடத்துக்கே வரும், இல்லையென்றால் ஓரம் எப்போதும் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிகிற நிலையில் நிற்கும். லேசரில் ஈறு குறைத்து ஆறு மாதத்தில் "திரும்ப வளர்ந்துவிட்டது" என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். லேசர் செய்த தவறு அதில் ஒன்றுமில்லை.

உங்களுக்கு எலும்பு சீவச் சொன்னவர் இப்படி அளந்து சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. அளந்து பார்த்து 5 மி.மீ. இருந்தால் லேசர் போதும் என்ற கிளினிக் சொன்னதே சரி.

முதல் வகையாக இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பல்லை ஒட்டிய ஈறு கெட்டியாக, அசையாமல் இருக்கும். அதற்கு மேலே உதட்டோடு சேர்ந்து அசைகிற மெல்லிய சவ்வு வரும். கெட்டி ஈறு நிறைய இருப்பவருக்குத்தான் வெட்டி எடுக்கலாம். வெட்டிய பிறகு குறைந்தது 2 மி.மீ. கெட்டி ஈறாவது மிஞ்ச வேண்டும். அது குறுகலாக இருப்பவருக்கு எதையும் வெட்டி வீசாமல், ஈறை அப்படியே கழற்றி மேலே நகர்த்தித் தைக்க வேண்டும்.

எலும்பு சீவுவது என்றதும் நீங்கள் பயந்தது புரிகிறது. நடப்பது என்னவென்று தெரிந்தால் பயம் குறையும். மயக்க மருந்து கிடையாது; பல் பிடுங்கப் போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். முதலில் ஒவ்வொரு பல்லிலும் புதிய ஈறு ஓரம் எங்கே வர வேண்டும் என்று புள்ளி வைப்பார்கள். நடுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் ஒரே உயரம், இடையில் உள்ள பக்கப்பல்லுக்கு அரை முதல் 1 மி.மீ. கீழே. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வெட்டினால் செட்டுப் பல் போலத் தெரியும். புள்ளியை ஒட்டிச் சரிவாக வெட்டி, ஈறைக் கொஞ்சம் விலக்கி, எலும்பின் ஓரத்தைச் சுழலும் சின்ன உருண்டை முனை (பர்) கொண்டு, உப்புத்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சீவுவார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் சூட்டில் எலும்பு செத்துவிடும். கடைசியில் எனாமல் கோட்டிலிருந்து எலும்பு 2 முதல் 3 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பல்லுக்குப் பல் நடுவே உள்ள முக்கோண ஈறையும் அதன் கீழ் எலும்பையும் தொடவே கூடாது. அதைத் தொட்டால் பல்லிடுக்கில் கறுப்பு ஓட்டை விழும். விழுந்த ஓட்டையை மூடுவது ஈறு வைத்தியத்திலேயே கடினமான வேலை. மெல்லிய நூலில் தைத்து, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள்.

எத்தனை பல்லுக்குச் செய்வது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செலவைக் குறைக்க ஆறு பல்லோடு நிறுத்துவார்கள். நீங்கள் சிரிக்கும்போது முன்கடைவாய்ப்பல் வரை தெரிகிறது என்றால், கோரைப்பல் தாண்டியதும் ஈறு படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கும். எட்டு அல்லது பத்து பல்லுக்கு, கடைசிப் பல்லில் அளவைக் குறைத்துக்கொண்டே போய் முடிப்பதுதான் முறை.

வெட்டுவதற்கு முன்பே முடிவைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பல் நிறக் காம்போசிட்டை (பல் அடைக்கும் பசை) ஒட்டு மருந்து எதுவும் போடாமல் ஈறின் மேலேயே பூசி, புதிய பல் நீளத்துக்குக் கொண்டுவந்து காட்டலாம். சிரித்துப் பார்த்து, போனில் வீடியோ எடுத்து, அம்மாவிடமும் காட்டிவிட்டு, உரித்து எடுத்துவிடலாம். கம்ப்யூட்டரில் செய்த படத்தைவிட இது நம்பகமானது. கம்ப்யூட்டர் படத்தில் ஈறை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எலும்பு கேட்காது. எதைக் காட்டினாலும் எல்லை எனாமல் கோடுதான். அதைத் தாண்டி வெட்டினால் மஞ்சளான வேர் வெளியே வரும், ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும், பிறகு நல்ல பல்லுக்குக் கேப் போடும் நிலை வரும்.

லேசரைப் பற்றி ஒரு வார்த்தை, போர்டில் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதால். கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது டையோடு லேசர். அது ஈறை வெட்டும், ரத்தத்தை உறைய வைக்கும், தையலை மிச்சப்படுத்தும். எலும்பை வெட்டாது. மெல்லிய ஈறில் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் அடியில் உள்ள எலும்பைச் சுட்டுவிடும். எலும்பையும் வெட்டக்கூடிய எர்பியம் வகை லேசர் வேறு. அதை வைத்து ஈறைத் திறக்காமலே சீவுகிறவர்களும் உண்டு. கண்ணால் பார்க்காமல் எலும்பைச் சீவுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேடு பள்ளம் விட்டுப்போனால் அது ஈறிலும் தெரியும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பிளேடில் செய்ததா லேசரில் செய்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் "லேசர்" என்பதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

இப்போது கறுப்பு. நம் ஊரில் ஈறு கறுப்பு என்பது தோல் நிறம் போலத்தான். மெலனின் நிறமி ஈறின் மேல்தோலின் அடி வரிசையில் இருக்கிறது. உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது, பச்சை குத்தியதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது மாதிரி. நிறம் போகாது, உப்பு ஈறைக் கீறும், எலுமிச்சை எனாமலை அரிக்கும். கரித்தூளும் வேண்டாம். ரத்தச்சோகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோகையில் பொதுவாக ஈறு வெளுக்கும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய கறுப்பு வேறு மாதிரி இருக்கும். ஒரே ஓர் இடத்தில் புதிதாக வந்தது, பெரிதாகிக்கொண்டே போவது, தடித்து எழும்பியது என்றால் உடனே காட்டுங்கள். வெள்ளி அடைத்த பல்லுக்குப் பக்கத்தில் நீலக்கறுப்பாக இருந்தால் உலோகத் துகள் ஈறில் தங்கியிருக்கலாம், ஆபத்தில்லை. வாயோடு சேர்த்துக் கைரேகைகளும் கறுத்து, எடை குறைந்து, எப்போதும் சோர்வாக இருந்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருக்கிறதா என்று பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கும் முன் ஈறு கறுக்கும், விட்டால் சில ஆண்டுகளில் தானாக வெளுக்கும்.

சிறு வயதிலிருந்தே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. எடுக்க ஆசை என்றால் எடுக்கலாம்: பிளேடால் மேல்தோலைச் சீவுவது, பர் கொண்டு தேய்ப்பது, லேசர் என்று வழிகள் உண்டு. ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் புதுத் தோல் மூடும், நிறம் நிதானப்பட நாலைந்து வாரம் ஆகும். மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையாக ஒரு படலம் படியும். சீழ் என்று பயந்து சுரண்டிவிடுவார்கள். அது ஆறும் புண்ணின் மேல் படிகிற ஃபைப்ரின், தானாகப் போகும். ஈறு மெல்லியதாக, வேரின் மேடு வெளியே தெரிகிற இடங்களில் ஆழமாகச் சீவினால் எலும்பு வெளிப்பட்டு ஈறு இறங்கிவிடும். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: நிறம் திரும்பும். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. ஓரங்களிலும் பல்லிடுக்கு முக்கோணங்களிலும் முதலில் எட்டிப் பார்க்கும். "நிரந்தரமாக ரோஸ் ஆக்குகிறோம்" என்று எழுதித் தருபவரிடம் போகாதீர்கள்.

உங்கள் நாட்காட்டியை இப்படிப் போடலாம். இந்த ஆவணியில் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காறையை எடுப்பது), பிரஷ் செய்யும் முறையைத் திருத்துவது, அளவுகள், ஸ்கேன். வீங்கிய ஈறை அளந்தால் எல்லாக் கணக்கும் தப்பாகும். ரத்தம் கசிவது நிற்க மூன்று நாலு வாரம் கொடுங்கள். சிலருக்கு ஸ்கேலிங்கிலேயே ஒரு மி.மீ. வீக்கம் வடிந்துவிடும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின், சிறுநீரக மாற்றத்துக்குப் பின் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்து வளரலாம். வெட்டும் முன் மாத்திரையை மாற்ற முடியுமா என்று அதை எழுதிய டாக்டரிடம் கேட்க வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.)

புரட்டாசி நடுவில் ஈறு அறுவை சிகிச்சை. எலும்பு சீவியிருந்தால் ஓரம் நிலைக்கு வர மூன்று மாதம், சிறு அசைவுகள் ஆறு மாதம் வரை. அதாவது மார்கழி நடுவில் ஓரளவு நின்றிருக்கும். கறுப்பை அதே நாளில் சேர்த்துச் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லேசரால் மட்டும் முடிகிற வாய் என்றால் சேர்த்துச் செய்யலாம். எலும்பு சீவி ஈறைத் தைத்த இடத்தில் மேல்தோலையும் சீவினால் ரத்த ஓட்டம் குறைந்த ஈறு தாங்காது. கார்த்திகை தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் கல்யாணத்துக்குள் நிறம் படிந்துவிடும். பல் வெண்மையாக்கும் ப்ளீச்சிங் வேண்டுமானால் அதற்கும் பிறகு, கூச்சம் அடங்கியபின். வீனியர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), கேப் எதையும் தை மாதத்துக்கு முன் ஒட்ட வேண்டாம். ஈறு நிலைக்கு வராமல் ஒட்டினால் பிறகு ஓரம் நகர்ந்து, ஒட்டிய கோடு வெளியே தெரியும்.

உதட்டுத் தசைதான் காரணம் என்று தெரிந்தால், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஒரு வழி. மூக்கின் இரு பக்கமும் சில யூனிட் போதும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று முதல் ஆறு மாதத்தில் கரையும். முதல் ஊசியைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு போடுவது முட்டாள்தனம். அளவு கூடினால் உதடு ஒரு பக்கம் தொங்கும், சிரிப்பு கோணும், ஸ்ட்ராவில் உறிஞ்ச வராது, அதைச் சரிசெய்ய ஊசியும் கிடையாது. கார்த்திகை முடிவுக்குள் குறைந்த அளவில் போட்டு, இரண்டு வாரம் கழித்துத் தேவை என்றால் கூட்டுவது நல்லது. நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்கள் இதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. பியூட்டி பார்லரில் போடுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உதட்டின் உள்பக்கச் சவ்வில் ஒரு பட்டையை எடுத்துத் தைத்து உதட்டை ஏறவிடாமல் செய்கிற அறுவையும் இருக்கிறது. நாளடைவில் பலருக்கு ஓரளவு பழையபடி தளர்கிறது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. முதல் ஆறு மணி நேரம் உதட்டுக்கு வெளியே ஐஸ், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் எடுத்து. இரண்டாம் மூன்றாம் நாள் மேலுதடு வீங்கும், பிறகு வடியும். ஆபீசுக்கு மூன்று நாள் லீவு சொல்லிவையுங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்க வேண்டாம், காறித் துப்ப வேண்டாம். மறுநாளிலிருந்து 0.2 சதவீதக் குளோரெக்சிடின் மவுத்வாஷ் 10 மி.லி., ஒரு நிமிடம், காலை மாலை, இரண்டு வாரம். பேஸ்ட்டால் துலக்கி அரை மணி நேரம் கழித்துத்தான் மவுத்வாஷ். உடனே செய்தால் மருந்து வேலை செய்யாது. இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், காபி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஒரு வாரம் ஆறிய தயிர் சாதம், இட்லி, குழைந்த பொங்கல், கஞ்சி. கொதிக்கும் ரசமும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். முறுக்கு, அப்பளம் போன்றவை தையல் பிரித்து இரண்டு மூன்று வாரம் வரை கூடாது. தீபாவளி ஐப்பசிக் கடைசியில் வந்தால், அதற்குள் சாப்பிடலாம். தையல் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பார்கள்.

தையல் பிய்வதற்குப் பெரிய காரணம் சாப்பாடு இல்லை, செல்ஃபி. "எப்படி இருக்கு, காட்டு" என்று யார் கேட்டாலும் உதட்டைத் தூக்கிக் காட்டாதீர்கள். உதடு இழுக்கும்போது ஈறும் சேர்ந்து நகரும், ஓரம் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கண்ணாடியையே மறந்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு ஆறுவது தாமதமாகும்.

யாரிடம் போவது? ஈறு சிறப்பு மருத்துவர், அதாவது பெரியோடான்டாலஜியில் எம்.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், போரூர், பூந்தமல்லி, மதுரவாயல் பக்கம் உள்ள தனியார் பல் கல்லூரிகளிலும் ஈறுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். செலவு கிளினிக்கைவிடக் குறைவு, நேரம் கூடுதலாகப் பிடிக்கும், காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். பணம் ஒரு பொருட்டில்லை என்றாலும் இரண்டாம் கருத்துக்காகவாவது ஒரு காலைப் பொழுதை அங்கே செலவழிக்கலாம். அழகுக்காகச் செய்யும் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. விலை கேட்கும்போது ஒரு பல்லுக்கா மொத்தத்துக்கா, ஸ்கேன் சேர்த்தா, ஒரு பல்லில் மறுபடி திருத்த வேண்டி வந்தால் அதற்குத் தனிக் கட்டணமா என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்பம் தரித்தால் ஹார்மோன் மாற்றத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். ஈறு திரும்ப வளர்ந்துவிட்டது என்று அப்போது பயப்பட வேண்டாம், ஸ்கேலிங் போதும். வெட்டு வேலை எதையும் பிரசவம் முடிகிற வரை ஒத்திவையுங்கள். மற்றபடி அறுவை முடிந்து மூன்று மாதமாகியும் ஏதாவது ஒரு பல்லின் ஓரம் மட்டும் சிவந்தே இருந்தால், அந்தப் பல்லில் எலும்பு போதிய அளவு சீவப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். செய்தவரிடமே போய், முதல் நாள் எடுத்த அளவுச் சீட்டையும் போட்டோவையும் வைத்து அந்தப் பல்லை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.